கூரையில் ஒரு சூரியக் குடும்பம்

1774 மே மாதத்தில் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சந்திரன் ஆகியவை வானில் நெருங்கி வந்தன. இதனால் பூமி நிலைபெயர்ந்து அழியும் என்று ஒரு சிறு நூல் கூறவே, நெதர்லாந்தில் பீதி பரவியது.

ஃபிரானெக்கர் நகரில் கம்பளி மயிர் சீவும் தொழில் செய்த ஐசெ ஐசிங்கா, அந்த அச்சம் வீண் என்று காட்ட விரும்பினார். தம் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே கோள்மண்டலத்தை அமைத்தார். பணி 1781இல் முடிந்தது.

ஆணிகளைப் பற்களாகக் கொண்ட மரச் சக்கரங்களை ஓர் ஊசல் கடிகாரம் இயக்குகிறது. பத்து இலட்சம் கிலோமீட்டர் இங்கே ஒரு மில்லிமீட்டர்! கோள்கள் மெய்யான காலக் கணக்கிலேயே நகர்கின்றன; சனி ஒருமுறை சுற்றிவர 29 ஆண்டுகளுக்கு மேலாகும். 1781இல் கண்டறியப்பட்ட யுரேனசுக்கு மட்டும் கூரையில் இடமில்லை.

இன்றும் இயங்கும் இக்கோளரங்கத்தை யுனெஸ்கோ 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நெதர்லாந்து செல்வோர் காற்றாலைகளோடு இந்தக் கூரையையும் அண்ணாந்து பார்க்கலாம்.