சிறுவர் சிறுநீரக அணுக்கதிர் ஸ்கேன்

மிகச் சிறிதளவு கதிரியக்க மருந்தைக் குழந்தையின் இரத்த நாளத்தில் ஊசி மூலம் ஏற்றி, சிறுநீரகங்கள் அதை எடுத்துக்கொள்ளும் விதத்தைக் காமா கமராவால் படமாக்கும் மருத்துவ ஆய்வு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சிறுநீரகத்தின் உருவத்தைக் காட்டும். எந்தப் பக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இந்த ஆய்வு காட்டும்.

பெரும்பாலும் பயன்படுவது டெக்னீசியம்-99எம். அதன் அரைவாழ்வு 6 மணித்தியாலம். அதனோடு சேர்க்கும் மருந்துக்கு ஏற்ப ஆய்வின் நோக்கம் மாறும். டி.எம்.எஸ்.ஏ. சிறுநீரகப் புறணியின் கலங்களில் தங்கிவிடும். ஊசி போட்டு 2 முதல் 4 மணித்தியாலத்தில் எடுக்கும் படத்தில், தழும்பு விழுந்த இடம் மருந்தேறாமல் வெறுமையாகத் தெரியும். மொத்த வேலையில் ஒரு சிறுநீரகத்தின் பங்கு 45 முதல் 55 வீதத்துக்குள் இருப்பது இயல்பு. டி.டி.பி.ஏ., மேக்-3 ஆகியவை சிறுநீரோடு இறங்குவதால், வீங்கிய சிறுநீரகத்தில் அடைப்பு உண்டா என்பதை அறிய உதவும்.

சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் தழும்பு விழக்கூடும். பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தத்துக்கும் அது வழிவிடலாம். ஆனால் தொற்றுக் காலத்து அழற்சியும் படத்தில் தழும்பு போலவே தோன்றும், பிறகு ஆறிவிடும். அதனால் நிலைத்த தழும்பைத் தேடும் ஸ்கேனைத் தொற்று மாறி 4 முதல் 6 மாதம் கழித்தே எடுப்பார்கள்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் இந்தக் காத்திருப்புதான் கடினமானது. காய்ச்சல் விட்டுப் பிள்ளை லயத்து வாசலில் ஓடி விளையாடத் தொடங்கிய பின், ஸ்கேனுக்காக ஒரு நாள் பேரை (நாட்கூலியை) இழந்து பஸ் ஏறுவது தாய்க்குச் சிறிய காரியமல்ல. கேகாலையிலிருந்து கண்டி வீதியில் போனால் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது. இரத்தினபுரியிலிருந்து ஸ்கேனுக்காகக் கொழும்புக்குப் போனால் ஏறக்குறைய 100 கிலோமீற்றர். டெக்னீசியத்தைத் தரும் மொலிப்டினம்-99 வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதன் அரைவாழ்வு 66 மணித்தியாலமே. எனவே குறித்த நாளைத் தவறவிட்டால், அடுத்த முறைக்குக் காத்திருக்க நேரும்.

‘அணு’ என்ற சொல் பெற்றோரை அச்சுறுத்துவது இயல்பு. டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனில் குழந்தைக்குச் சேரும் கதிர்வீச்சு ஏறத்தாழ 1 மில்லிசீவெர்ட். இயற்கையிலிருந்து மனிதருக்கு ஆண்டுதோறும் சேரும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட். ஊசிக்குப் பின் தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும். படமெடுக்கையில் பிள்ளை அசையாமல் படுக்க வேண்டும். இவற்றைத் தாய்க்குத் தமிழில் சொல்ல ஒருவர் இருப்பது மருத்துவத்தின் ஒரு பகுதியே.

ஸ்கேனுக்கு முந்திய படி அதைவிட முக்கியமானது. இருமலோ தடிமனோ இல்லாமல் காய்ச்சல் காயும் கைக்குழந்தைக்கு, அன்டிபயோட்டிக் தொடங்குமுன் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் தொடங்கும் கிளினிக் கொப்பியில் அந்தக் காய்ச்சலின் திகதியும் சிறுநீர் முடிவும் எழுதப்பட்டிருந்தால்தான், 4 மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது ஸ்கேனுக்கு அனுப்பும் வைத்தியருக்குத் தெரியும்.