எடைக்கல்லே எடை குறைந்தால்?

கடைக்காரரின் எடைக்கல் சரியா என்று பார்க்க அரசு முத்திரை இருக்கிறது. அந்த முத்திரை போடுபவரின் கல்லுக்கு மேலே, அதற்கும் மேலே என்று போனால் கடைசியில் எந்தக் கல் வரும்?

2019 வரை இதற்கு ஒரே பதில்தான். பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் பெட்டகத்துக்குள் இருந்த ஓர் உலோக உருளை. 90 சதவீதம் பிளாட்டினம், 10 சதவீதம் இரிடியம். உயரம் 39 மில்லிமீட்டர், விட்டமும் அதேதான். 1889-ல் இதுதான் கிலோகிராம் என்று அறிவித்தார்கள். பெட்டகத்தைத் திறக்க மூன்று சாவிகள் வேண்டும்!

அதே உலோகத்தில் நகல்கள் செய்து பல நாடுகளுக்கும் கொடுத்தார்கள். (இந்தியாவின் நகல் எண் 57, டெல்லியில் இருக்கிறது.) 1988 முதல் 1992 வரை எல்லாவற்றையும் கழுவி ஒப்பிட்டபோதுதான் சிக்கல் தெளிவாகத் தெரிந்தது. நூறு ஆண்டுகளில் பல நகல்கள் மூலத்தைவிடச் சுமார் 50 மைக்ரோகிராம் கூடியிருந்தன. ஒரு சிறு மணல் துகள் அளவுதான்...

ஆனால் நகல்கள் கூடினவா, மூலம் குறைந்ததா? யாராலும் சொல்ல முடியவில்லை. ஒன்றை வைத்துத்தானே இன்னொன்றை நிறுத்தார்கள்! காற்றிலிருந்து பாதரசம் ஒட்டியிருக்கலாம், கழுவும்போது தேய்ந்திருக்கலாம் என்றெல்லாம் பேசினார்கள். வேடிக்கை என்னவென்றால், விதிப்படி மூலத்தின் நிறை மாறவே முடியாது. அதுதான் கிலோ. அது தேய்ந்தால் உலகத்தில் மற்றதெல்லாம் கனத்துவிட்டதாகத்தான் கணக்கு! தராசையே நம்பி நடக்கும் வியாபாரத்துக்கு இதைவிட ஆட்டங்கண்ட அடித்தளம் இருக்க முடியாது.

2018 நவம்பர் 16-ல் வெர்சாய் மாநாட்டில் நாடுகள் வாக்களித்தன. 2019 மே 20 முதல் கிலோகிராம் என்பது பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணிலிருந்து வருகிறது. உருளை இன்னமும் செவ்ரில்தான் இருக்கிறது. அது ஒரு கிலோவா என்பதை இப்போது நிறுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.