பேச்சற்ற தண்டனை

ஒருவரை ஊரார் கூடி ஒதுக்கி, அவருடன் பேச்சையும் நிறுத்திவிடுவதை ஆங்கிலேயர் 'கவென்ட்ரிக்கு அனுப்புதல்' என்பர். கவென்ட்ரி இங்கிலாந்தில் உள்ள ஒரு நகரம். 1640களின் உள்நாட்டுப் போரில் அங்கே சிறைவைக்கப்பட்ட மன்னர் கட்சி வீரருடன் நகரத்தார் பேச மறுத்தனர் என்றும், அதிலிருந்தே இவ்வழக்குப் பிறந்தது என்றும் கூறுவர்.

இதன் பொருளை நம் தூத்துக்குடி 1908-இல் செய்து காட்டியது. அவ்வாண்டு பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களுக்குத் துணை நின்றார். அவரைப் பழித்த வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, செய்தி அறிந்ததும் பாதியிலேயே எழுந்து போய்விட்டாராம். சலவைத் தொழிலாளரும் எதிர்ப்பாளரின் துணிகளைத் தொட மறுத்தனர். மார்ச்சில் ஆலை நிருவாகம் இணங்கி வந்தது.

அம்மாதமே சிதம்பரனார் கைதானார். 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையினின்று வெளிவந்தபோது, வரவேற்க வந்தோர் மிகச் சிலரே. கப்பலோட்டியவர் சென்னையில் கடை வைத்துப் பிழைக்க நேர்ந்தது.

அவரைக் கவென்ட்ரிக்கு அனுப்ப எவரும் தீர்மானிக்கவில்லை. நாம் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவே. பகைவரை ஒதுக்கியது நம் வலிமை. தொண்டரை மறந்தது நம் குறை.