ஒரு தலை, இரண்டு உடல்

ஜெயங்கொண்டத்தில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்குப் படம் வரைகிறேன். தலைகீழாகத் திருப்பினால் வேறு உருவம் காட்டும் படங்கள் மீது எனக்குத் தீராத பிரியம். குஸ்டாவ் வெர்பீக் 1903 முதல் 1905 வரை நியூயார்க் ஹெரால்டில் இதையே தொடராக வரைந்தார். ஆறு கட்டங்களைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினால், மீதிக் கதை அதே ஆறு கட்டங்களில் ஓடும்.

அந்த வித்தையின் உறவுக்காரர் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். அணைக்கரைப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடந்து கும்பகோணம் போனால், அருகே தாராசுரம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில். அங்கே ரிஷப குஞ்சரம் என்றொரு சிறிய புடைப்புச் சிற்பம்: காளையும் யானையும் எதிரெதிரே நிற்க, இரண்டுக்கும் தலை ஒன்றுதான். யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை. காளையின் உடலை மறைத்தால் யானை. கண்ணும் ஒன்றே. அந்த ஒரு கண்ணை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு நூல் நகர்ந்தாலும் ஏதோ ஒரு விலங்கு செத்துவிடும்.

சொல்லில் இதைச் செய்தவர் இன்னும் மூத்தவர். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே வாசிக்கும் மாலைமாற்றுப் பதிகத்தைச் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார். வரைபவன் என்ற முறையில் என் வணக்கம் முதலில் அந்தப் பெயர் தெரியாத தாராசுரத்துச் சிற்பிக்குத்தான். வெர்பீக்குக்குத் தாளைத் திருப்ப வசதி இருந்தது, இவருக்குக் கல்.