ஈந்தோர் பெயரும் ஏட்டுக் கணக்கும்

பொதுத் தொண்டு என்பது பலர் கூடி இழுக்கும் தேர். ஆனித் திங்களில் நெல்லையப்பர் தேர் நிலை பெயரும்போது, வடம் பிடித்தவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணுவதில்லை. ஒரு நாள் திருவிழாவுக்கு அந்தக் கணக்கு வேண்டுவதும் இல்லை. ஆயின், ஆண்டுதோறும் நடைபெற வேண்டிய ஒரு சங்கத்திற்கோ, நூல்நிலையத்திற்கோ, ஏழை மாணவர் விடுதிக்கோ அந்தக் கணக்கு இன்றியமையாதது. பொருள் கொடுத்தவர் யார்? எதற்காகக் கொடுத்தார்? சென்ற ஆண்டு கொடுத்தவர் இவ்வாண்டு ஏன் கொடுக்கவில்லை? இவ்வினாக்களுக்கு விடை வைத்திராத சங்கம் நெடுநாள் வாழ்வதில்லை.

கணக்கு எழுதுவது நமக்குப் புதிதன்று. நம் வீட்டுத் திருமணங்களில் மொய் எழுதுகிறோம். பந்தலின் ஓரத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்து, ஊர், பெயர், தொகை என்று வரிசையாய்க் குறித்துக்கொள்கிறார். அந்த ஏடு திருப்பிச் செய்வதற்காக எழுதப்படும் ஏடு. இவர் நமக்குச் செய்தது இவ்வளவு. அவர் வீட்டு விழாவில் நாம் அதற்குக் குறையாமற் செய்யவேண்டும் என்பதே அதன் பயன். பொதுப்பணிக்கு நன்கொடை ஈந்தவருக்கு அவ்வாறு பணமாகத் திருப்பிச் செய்ய வழியில்லை. அவருக்குத் திருப்பித் தரத்தக்கது ஒன்றே ஒன்று. அவர் கொடுத்த பொருள் உரிய இடத்தைச் சேர்ந்தது என்னும் செய்தியே அது. நன்கொடைக் கணக்கின் உயிர் அந்தச் செய்தியில் இருக்கிறது என்பது என் கருத்து. இதனை வரலாற்றிலிருந்தே விளக்க விரும்புகிறேன்.

பொருநை யாற்றங்கரையில் அம்பாசமுத்திரத்தில் வரகுண மகாராசன் என்னும் பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, மன்னன் 290 காசுகளை இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைத்த செய்தியைக் கூறுகிறது. முதலாகிய காசு குறையக்கூடாது; காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு கலம் நெல் பொலிசையாக, அதாவது வட்டியாக, அளக்கப்பட வேண்டும்; ஆக 580 கலம் நெல். அந்நெல்லைக் கொண்டு கோயிலில் நாள்தோறும் நான்கு வேளையும் திருவமுது படைக்கவேண்டும். அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர் எவ்வளவு, வாழைப்பழம் எத்தனை என்பன எல்லாம் அக்கல்லிலேயே வரையறுக்கப்பட்டுள்ளன.

கொடுத்தவர் பெயர், கொடுத்த பொருள், பொறுப்பேற்றவர், செலவு செய்யவேண்டிய வகை ஆகிய நான்கும் அங்கே உள்ளன. இன்றைய ரசீதுப் புத்தகங்கள் பலவற்றிலும் இத்துணைத் தெளிவைக் காணுதல் அரிது. ஆயினும் அக்கணக்கு நிலைமுதலின் கணக்கு. முதல் ஒருமுறை வைக்கப்பட்டது. பொலிசை என்றென்றும் வரும். கொடுத்தவரை மறுமுறை அணுகவேண்டிய தேவையே அதில் இல்லை. அவர் மனம் இன்னும் இதில் நிற்கிறதா என்று வினவும் கணக்கு வேறு. அது ஆண்டுச் சந்தாவின் கணக்கு. அதன் வரலாற்றைக் காணக் கடல் கடந்து, தமிழர் பலர் குடியேறி வாழ்ந்த தென்னாப்பிரிக்காவிற்குச் செல்லவேண்டும்.

1860ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் நேட்டாலுக்குச் சென்றனர். பின்னர் வணிகரும் சென்றனர். 1894ஆம் ஆண்டில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்க நேட்டால் அரசாங்கம் முற்பட்டது. அதனை எதிர்த்து நேட்டால் இந்தியக் காங்கிரசு தோன்றியது. அதன் செயலாளர் அப்போது இளைஞராயிருந்த காந்தியடிகள். மாதச் சந்தா குறைந்தது ஐந்து ஷில்லிங். வசதியுள்ளோர் அதற்கு மேலும் கொடுக்கலாம். அடிகள் தம் பங்காக மாதம் ஒரு பவுன் கொடுத்தார்.

பெயர் எழுதிக் கொடுத்தவர் பலர். பணம் கொடுத்தவர் சிலர். கூட்டத்தில் எழுந்த ஊக்கம் வீடு சேர்வதற்குள் தணிந்துவிடும் அன்றோ? டர்பன் நகரிலேயே பலமுறை நடந்தால்தான் சந்தா வந்தது. வெளியூராரிடம் மாதந்தோறும் செல்வதோ இயலாத செயல். அடிகளின் எழுத்தர் நாள் முழுவதும் சந்தா தண்டுவதிலேயே காலங் கழிக்க வேண்டியதாயிற்று. இந்நிலையில் அடிகள் உறுப்பினரைக் கடிந்துகொள்ளவில்லை. தம் கணக்கேடு என்ன சொல்கிறது என்று நோக்கினார். குறை மக்களின் அன்பில் இல்லை, தண்டும் முறையில் உள்ளது என்று உணர்ந்தார். மாதச் சந்தா ஆண்டுச் சந்தாவாக மாறியது. குறைந்த அளவு மூன்று பவுன். அதனை முன்னதாகவே செலுத்திவிட வேண்டும். ஏடு கூறிய உண்மையைக் கேட்டு நடைமுறையைத் திருத்திக்கொண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சந்தா தண்டுவதற்காகத் தொண்டர்கள் டோங்காட் என்னும் ஊருக்குச் சென்றபோது நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. அங்கு அவர்களுக்கு விருந்தளிக்க இருந்த வணிகர் ஆறு பவுன் கொடுக்கத் தக்கவர். அவரோ மூன்று பவுன் மட்டுமே தருவதாகச் சொன்னார். அதனை ஏற்றால் அவ்வூரில் மற்றவரும் அவர் வழியையே பின்பற்றுவர். தொண்டர்கள் தம் சினத்தை அடக்கிக்கொண்டனர். ஆறு பவுன் கிடைக்கும்வரை உண்பதில்லை என்று பசியோடு இரவு முழுவதும் அங்கேயே அமர்ந்திருந்தனர். விடியற்காலையில் வணிகர் மனம் இளகி, ஆறு பவுனும் தந்து உணவும் படைத்தார். எவர் எவ்வளவு தரக்கூடியவர் என்று அறிந்திருந்தமையால் அன்றோ அவர்கள் அவ்வாறு காத்திருக்க முடிந்தது!

பணம் கொடுத்தவர் ரசீதைப் பொருட்படுத்தாத காலம் அது. அடிகளோ ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுத்தே தீரவேண்டும் என்றார். செவ்வையான கணக்கின்றிப் பொதுத்தொண்டில் உண்மை தூயதாய் நிலைபெறாது என்பது அவர் கொள்கை. பொது நிறுவனங்கள் நிலைமுதல் வைத்து அதன் வட்டியில் வாழ்வதையும் பிற்காலத்தில் அவர் விரும்பவில்லை. ஆண்டுதோறும் மக்கள் மனமுவந்து தரும் சந்தாவே ஒரு நிறுவனத்தின் நேர்மைக்கும் செல்வாக்குக்கும் உரைகல் என்று கருதினார். வரகுணனின் கல்வெட்டும் நேட்டால் காங்கிரசின் சந்தாவேடும் இங்கேதான் வேறுபடுகின்றன. ஒன்று ஈந்தவர் பெயரை என்றும் போற்றுகிறது. மற்றொன்று ஈந்தவர் மனத்தை ஆண்டுதோறும் கேட்டறிகிறது.

ஆயினும் அந்த ஏட்டிற்கும் ஒரு குறை உண்டு. ஏட்டில் இல்லாதவரை ஏடு காட்டாது. மூன்று பவுன் சந்தா செலுத்த வலியற்ற ஒப்பந்தக் கூலிகள் காங்கிரசுக்கு வெளியே நின்றனர். ஒரு நாள் பாலசுந்தரம் என்னும் தமிழர் கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையில் ஏந்தி, வெள்ளை முதலாளியால் அடிபட்டு முன்பற்கள் இரண்டும் உடைந்து, குருதி ஒழுகும் வாயோடு அடிகளின் அலுவலகத்திற்கு வந்தார். அவர் பெயர் எந்தச் சந்தாப் பட்டியலிலும் இல்லை. அவருக்காக அடிகள் வழக்கு நடத்தி வேறு முதலாளியிடம் மாற்றிக் கொடுத்தார். அச்செய்தி பரவவே கூலி மக்கள் அவரை நாடி வரலாயினர். 1913ஆம் ஆண்டில் பல்லாயிரவர் வேலை துறந்து சத்தியாக்கிரகத்தில் இறங்கினர். அவர்கள் காசு கொடுத்தோர் அல்லர், தம்மையே கொடுத்தோர். ஆகவே ஆதரவாளர் பட்டியலை நோக்கும்போது, இதில் இடம்பெறாதவர் யார், அவர் இடம்பெறாமைக்குக் காரணம் யாது என்றும் வினவுதல் அறிவுடைமை.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். 1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கம்பெனி வணிக அமைப்பே; ஆயினும் பங்கு வாங்கியோருட் பலருக்கு அது நாட்டுத் தொண்டு. 1908ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சிதம்பரனார் சிறைப்பட்டார். செய்தி கேட்டுத் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பின்னர் மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் வாடி, 1912ஆம் ஆண்டு இறுதியில் அவர் வெளிவந்தார். கம்பெனி அதற்கு முன்பே மறைந்துவிட்டது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. செல்வர் குடியிற் பிறந்த அவர் சென்னையில் வறுமையோடு போராடினார்.

கடல் கடந்த தமிழர் அவரை மறக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் அவருக்கென நிதி திரட்டினர். அத்தொகை காந்தியடிகள் வழியாக அவருக்குச் சேரவேண்டியிருந்தது. 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அடிகள் சென்னைக்கு வந்தபோது இருவரும் தொடர்பு கொண்டனர். அப்பணம் வந்து சேர்ந்ததா என்று அடிகள் கேட்டார். வந்து சேரவில்லை! ஈந்தோர் பெயர் முதலிய விவரங்களும் அப்போது அடிகள் கையில் இல்லை. அவை தென்னாப்பிரிக்காவிலிருந்து வரவேண்டியிருந்தன. கடிதங்கள் போயின, கடிதங்கள் வந்தன. திங்கள்கள் உருண்டன. 1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா சிதம்பரனாரை வந்தடைந்தது. இவ்வரலாற்றைப் பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்து விரிவாக எழுதியுள்ளார்.

எண்ணிப் பாருங்கள். சுதேசிக் கம்பெனியின் பதினான்கு பங்குகளின் விலைக்குங்கூட அத்தொகை எட்டவில்லை. ஆயினும் அரிசிக்கும் பருப்புக்கும் வழி தேடிய குடும்பத்திற்கு அது பெருந்தொகை. அன்பு கொண்டோர் ஈந்தனர். நேர்மையிற் சிறந்தவர் ஏற்றுக்கொண்டார். பெறவேண்டியவரோ ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தார். இதில் எவர் நெஞ்சிலும் களங்கம் இல்லை. சத்தியாக்கிரகப் போர், சிறை, 1914ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பாடு, இலண்டனில் நோய், பின்னர் இந்தியப் பயணம் எனத் தொடர்ந்த அலைச்சலில் ஆளும் விவரமும் வேறு வேறு கரைகளில் இருந்தன. நேட்டாலில் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் ரசீது கொடுத்த பெருந்தகையின் கையிலேயே இது நேர்ந்தது என்றால், நல்லெண்ணம் மட்டும் கணக்கின் வேலையைச் செய்யாது என்பது தெளிவன்றோ?

அக்காலத்தில் மற்றோர் இடுக்கணும் இருந்தது. அரசாங்கத்தின் சினத்திற்கு ஆளானவர்க்குப் பொருள் உதவியோர் பட்டியல் ஒற்றர் கையிற் சிக்கினால், ஒவ்வொரு பெயரும் ஓர் ஐயத்திற்கு இடமாகும். நன்றிக்காக எழுதிய பெயரே தண்டனைக்குக் காரணமாகவும் கூடும். பட்டியலைப் பேணுவது ஒரு கடமை என்றால், காப்பது மற்றொரு கடமை.

இன்று ஏடுகள் குறைந்து கணிப்பொறிகள் பெருகிவிட்டன. ஆதரவாளர் எப்போது பணம் அனுப்பினார், எந்தக் கூட்டத்திற்கு வந்தார், அனுப்பிய மடலைத் திறந்து பார்த்தாரா என்பன எல்லாம் தாமே பதிவாகின்றன. டர்பனில் எழுத்தர் ஒருவர் நாள் முழுதும் நடந்து அறிந்ததை இன்று ஒரு நொடியில் அறியலாம். இவ்விவரங்கள் பிறர் கையில் சிக்காதிருக்கவும், தவறாகப் பயன்படாதிருக்கவும் 2023ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் தனிமனிதரின் மின்னணு விவரங்களைக் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆனால் கருவி எத்துணை விரைவுடையதாயினும், யாரிடம் இன்னும் எவ்வளவு பெறலாம் என்று மட்டுமே அறிய விரும்புவோர்க்கு அது தண்டற்காரனின் ஏடாகவே முடியும். நம்மிடம் நம்பிக்கை வைத்தவர் யார், அவர்க்கு நாம் சொல்லவேண்டிய செய்தி யாது என்று அறிய விரும்புவோர்க்கே அது தொண்டரின் ஏடு ஆகும்.

மாணவ நண்பர்களே! நாளை உங்கள் கல்லூரி மன்றத்திற்கோ, ஊர் நூல்நிலையத்திற்கோ நீங்கள் பொருளாளர் ஆகலாம். வெள்ள நிவாரணத்திற்காக வீதி வீதியாய்ச் சென்று பணம் திரட்டவும் நேரலாம். அப்போது ரசீதின் அடிக்கட்டையில் பெயரையும் தொகையையும் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எதற்காகக் கொடுத்தார் என்பதையும், அது யாரிடம் எந்நாளில் சேர்ந்தது என்பதையும் எழுதுங்கள். பின்னர் அச்செய்தியை, ஒரு ரூபாய் கொடுத்தவருக்கும் மறவாமல் தெரிவியுங்கள். அது தெரிந்தால் அவர் அடுத்த ஆண்டும் உங்களுக்குக் கதவைத் திறப்பார்.