எட்டயபுரத்தில் அச்சான இசை

இலத்தூர்க்காரனான எனக்கு எட்டயபுரம் என்றால் பாரதியார், அவ்வளவுதான். "அங்கே அச்சடிச்ச ஒரு சங்கீதப் புத்தகம் உண்டே, தெரியுமாடா?" என்று நம் கல்லூரி விடுதியில் அறைத்தோழன் கேட்டபோது திருதிருவென விழித்தேன். அவன் சென்னைக்காரன். நானோ தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று பஸ் மாறினால் அரை நாளில் எட்டயபுரம் போய்விடக் கூடியவன். அந்த வெட்கத்தில்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு அரசவைகளிலும் ஜமீன்களிலும் வளர்ந்த இசை, பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தது. குரு பாடுவார், சிஷ்யன் திருப்பிப் பாடுவான். சிஷ்யன் இல்லாவிட்டால் பாட்டும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் (1735–1817) 108 ராகங்களும் தாளங்களும் கொண்ட மாபெரும் மாலிகை ஒன்றை இயற்றினார். இன்று அதில் கிடைப்பது 61 ராகப் பகுதிகள் மட்டுமே. மீதி 47 போனது போனதுதான்.

அந்த 61-ம் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் சுப்பராம தீட்சிதர் (1839–1906). முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் பேரர். அவருக்கே சுவீகாரப் பிள்ளையும் ஆனவர். எட்டயபுரம் சமஸ்தான வித்வான். பரம்பரைச் சொத்தான இந்தச் சங்கீதத்தை அச்சேற்ற வேண்டும் என்று சின்னசுவாமி முதலியார் 1899-ல் எட்டயபுரம் வந்து மன்றாடினார். இசையை ஐரோப்பிய முறையில் எழுதி வெளியிடுவதற்காகத் தன் பொருளையும் கண்பார்வையையும் செலவழித்தவர் அவர். ராஜா உத்தரவிட்டார், தீட்சிதர் எழுதினார். சமஸ்தானத்தின் வித்யா விலாசினி அச்சகத்தில், தெலுங்கு எழுத்தில், ஏறத்தாழ 1,700 பக்கங்களில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் வெளிவந்தது. கமகங்களுக்குக்கூடத் தனித்தனிக் குறியீடுகள்! சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் அதைத் தமிழில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது.

நான் என்ஜினீயர். டிராயிங் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதன் மேல் லாரி போகாது. பாலம் கட்டினால்தான் போகும். சுரக்குறிப்பும் அப்படியே. பாட ஆள் வேண்டும். சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் நேரில் கற்ற டி. கே. பட்டம்மாள், தீட்சிதர் கிருதிகளை மேடையிலும் இசைத்தட்டிலும் பாடி வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார். மேல்நாட்டு மெட்டுகளில் முத்துசுவாமி தீட்சிதர் அமைத்த நோட்டுஸ்வரங்களை, அமெரிக்காவில் வாழும் கண்ணிகேஸ்வரன் 2008-ல் 'விஸ்மயா' என்ற ஒலித்தட்டாக வெளியிட்டார்.

வெளிநாட்டிலும் இப்படிக் கதை உண்டு. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1740-ல் ஆறு இசைக்கோவைகள் ஆசிரியர் பெயர் இல்லாமல் அச்சாயின. வெகுகாலம் அவை இத்தாலியரான பெர்கொலேசியின் படைப்பு என்றே நம்பப்பட்டன. 1980-ல்தான், ஒரு கோட்டையில் கிடைத்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு, அவற்றை எழுதியவர் வாஸ்ஸெனர் என்ற டச்சுப் பிரபு என்று ஆல்பர்ட் டன்னிங் நிறுவினார். பெயர் தொலைந்தாலும் இசை தொலையவில்லை; ஏனென்றால் அது தாளில் இருந்தது, வாசிக்கவும் ஆள் இருந்தார்கள்.

இலத்தூரில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். நவராத்திரி வந்தால் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து பழைய பாட்டுகள் பாடுவார். "அடுத்த லீவுல வந்து ரெக்கார்டு பண்றேன் பாட்டி" என்று இரண்டு வருஷம் சொன்னேன். முதல் சம்பளத்தில் ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு போனபோது வீடு பூட்டியிருந்தது. அந்தப் பாட்டுகளில் ஒன்றின் மெட்டு பாதிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மீதியைச் சொல்ல இப்போது யாரும் இல்லை.

ஜூனியர் தம்பி, தங்கைகளே! இன்று உங்கள் பையில் இருக்கிற செல்போனே ஒரு ஒலிப்பதிவுக் கருவி. சுப்பராம தீட்சிதர் பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்குகூட நீங்கள் பட வேண்டாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், தேதி மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள். அதோடு, அந்தப் பாட்டை நீங்களும் ஒரு தடவை பாடிப் பாருங்கள்.

"அடுத்த லீவுல" என்று மட்டும் சொல்லாதீர்கள்.