பக்கிங்காம் கால்வாயில் கழியும் விசிறியும்: பெருங்குடிப் பகுதியை முன்வைத்து

பெருங்குடிக்குக் கிழக்கே செல்லும் பக்கிங்காம் கால்வாயில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை உப்பு, விறகு முதலிய சரக்குகளை ஏற்றிய தட்டையடித் தோணிகள் இயங்கின. பாய், கரையிலிருந்து இழுக்கும் கயிறு, கழி ஆகியவற்றால் அவை செலுத்தப்பட்டன. கழி ஊன்றச் சேற்றுத்தரை உதவியது. படகின் பின்புறம் பொருத்தப்படும் அவுட்போர்டு இயந்திரத்திற்கோ அச்சேறே இடராகும். அதன் விசிறி படகின் அடிமட்டத்திற்குக் கீழே சுழல்வதால் கூடுதல் ஆழம் வேண்டும். குளிர்விப்பதற்கு உறிஞ்சும் நீருடன் சேறு புகுந்தால் நீரேற்றி தேய்ந்து இயந்திரம் சூடேறும். காற்றால் குளிரும் நீள்தண்டு டீசல் இயந்திரம் இவ்விடர்களைக் குறைக்கும்; விசிறியை மேலே உயர்த்தவும் இயலும். ஆயினும் அது ஆழத்தை உண்டாக்குவதில்லை.

1960களிலும் 1970களிலும் வீசிய புயல்களால் கால்வாய் சேதமுற்றுப் போக்குவரத்து நலிந்தது. 2008இல் அது நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. எனினும் இக்கால்வாய் நீர்வழி மட்டுமன்று. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மழைவெள்ளம் ஒக்கியம் மடு வழியாக இதனையே அடைகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னைத் தெருக்களில் மீனவர் படகுகளும் மக்களை மீட்டன. விசிறியைத் தடுக்கும் வண்டலே வெள்ளத்தின் வடிகாலையும் தடுப்பதால், கால்வாயின் ஆழம் படகோட்டத்திற்குரிய சிக்கலாக மட்டும் கருதத்தக்கதன்று; அது கரைவாழ் மக்களின் பாதுகாப்பைச் சார்ந்ததாகும்.